படித்துக் காட்டியவர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் விரல் வைத்து நகர்த்தினால் எழுத்துகள் தட்டுப்படும். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், இவ்வூர் மகாசபை எடுத்த இரண்டு தீர்மானங்கள் அவை. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். குடவோலை என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

பாடப் புத்தகத்தில் குடம் வரும், ஓலை வரும். ஓலையைப் படித்த விதம் அநேகமாக வராது. கல்வெட்டோ அதற்குத்தான் அத்தனை வரி செலவிடுகிறது.

ஊரில் 30 குடும்புகள். இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலையைச் சேர்த்துக் குடத்தில் இடுவார்கள். இளையவர் முதியவர் உட்பட சபை முழுதும் கூடும். அன்று ஊரில் இருக்கிற கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்யஸ்தரிடம் கொடுப்பான். அவர் ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அதே ஓலையை மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

எழுதி வைத்துவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அந்தச் சபை நம்பவில்லை. ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். அவர் மாற்றிப் படிக்காமல் இருக்கப் பல கண்கள் வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் இதை விதியாகவே வெட்டி வைத்தார்கள் என்பது, குடத்தைவிடவும் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதே கல் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறது. 921-ஆம் ஆண்டுத் தீர்மானப்படி, குடத்துக்குள் பெயர் போக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வடமொழி வேதப் பகுதியான மந்திர பிராமணம் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கத் தெரிந்தவருக்கு நிலத்தில் சலுகை உண்டு, அரைக்கால் வேலி போதும். பிராமணர்களுக்குத் தானமாக விட்ட சதுர்வேதிமங்கலம் இது. வயலை உழுதவர்கள், வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரியின் கரைக்கு மண் சுமந்தவர்கள் பெயருக்கு அந்தக் குடத்தில் இடம் கிடையாது. நிலம் எவ்வளவு தடுத்ததோ அவ்வளவு மொழியும் தடுத்தது.

சபை மறைந்தது, கல் நின்றது. பின்னால் வந்த ஊராருக்கு அதைப் படிக்க முடியாமலும் போனது. இத்தனைக்கும் அது தமிழ்தான். சோழர் கால வரிவடிவம், நடுநடுவே கிரந்த எழுத்தில் வடசொற்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. ‘ஏரி’ என்று எழுதியிருக்கிறதா ‘எரி’ என்று எழுதியிருக்கிறதா என்பதை எழுத்து சொல்லாது, படிப்பவரின் அறிவுதான் சொல்ல வேண்டும்.

1898-ல் கல்வெட்டுத் துறை இதைப் படியெடுத்தது. சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். காய்ந்து உரித்தால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். இந்த மைப்படியை வைத்து வி. வெங்கையா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வந்தது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932-ல் வெளியிட்ட நூலில் மறுபடி ஆராய்ந்தார். அதுவும் ஆங்கிலம். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகளுக்காக வாதாடிய டி. பிரகாசம் உத்திரமேரூரை எடுத்துக்காட்டினார். தமிழ்க் கல் தில்லிவரை போனது ஆங்கில வழியில்தான்.

அதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ 1949 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வரத் தொடங்கியது. கல்வெட்டு படிக்கத் தெரியாத தமிழரும் கல்வெட்டு சொன்னதைத் தெரிந்துகொள்ள அது வழி செய்தது.

கல்லில் இருந்த சொற்களும் மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று கணக்குச் சொல்கிறதே கல்வெட்டு, அந்த ‘வாரியம்’தான் இன்றைக்கு மின்சார வாரியம், குடிநீர் வடிகால் வாரியம். மின்கட்டணம் கட்டப் போகிறவர் வாயில் பராந்தகன் காலத்துச் சொல் வருகிறது.

சொல் கிடைக்காத இடம் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, கணினித் திரை. தமிழர் கைக்கு அது வந்தபோது கட்டளையெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. மாற்றியமைத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காதவர்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாகத் தந்தார்கள். 2000-ஐ ஒட்டி, லினக்ஸ் கணினிக்கான கேடிஇ, க்னோம் திரைகளைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தபோது அதன் இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கியவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்தவர். விக்கிமீடியா, மொசில்லா போன்ற லாப நோக்கற்ற நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான மொழிகளில் பேசுவது இப்படிப்பட்டவர்கள் தரும் நேரத்தால்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் லேசான வேலை. உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ‘இந்தப் பக்கத்தை இன்னார் நீக்கினார்’ என்று ஒரு செய்தி. இன்னார் என்ற இடம் காலி, பெயரைக் கணினி பிறகு நிரப்பும். அதுவரை சரி. ‘இன்னாரைத் தடை செய்தார்’ என்று வந்தால் சிக்கல். கண்ணன் என்றால் கண்ணனை, மாலா என்றால் மாலாவை, ராஜு என்றால் ராஜுவை. பெயருக்குத் தக்கபடி உருபு சேரும் விதம் மாறும். அது கணினிக்குத் தெரியாது. ‘தடை செய்யப்பட்டவர்:’ என்று போட்டு, பெயரைத் தனியே நிறுத்துவது தன்னார்வலர்கள் கண்ட ஒரு வழி. ஆணா பெண்ணா என்று கேட்கும் இடத்தில் ‘அவர்’ கைகொடுக்கும். இப்படி ஒவ்வொரு வரியாக ஆயிரக்கணக்கான வரிகள். ‘கோப்பு’, ‘உலாவி’, ‘கடவுச்சொல்’ எல்லாம் இன்று இயல்பாகக் காதில் விழுகின்றன என்றால், பின்னால் இரவுகளும் வாக்குவாதங்களும் இருக்கின்றன.

உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இதைப் போன்ற வேலை நடக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில் ஆர்வலர்கள் கூடி, கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே பேசிக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதே நோக்கத்தோடு 2012 ஜனவரியில் ‘கணியம்’ இதழ் தொடங்கியது. யாரும் எடுத்துப் படிக்கலாம், நகலெடுக்கலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வரும் இதழ். அதில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள், ஆங்கில வழியில் படிக்காத மாணவர் கையிலும் கணினித் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கிராமத்துக் கல்லூரியில் பாடம் புரியாமல் பின்வரிசையில் ஒதுங்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, அந்த வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

மக்களின் மொழியில் சொல்லும் பொறுப்பு அரசுக்கும் உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசுத் தகவலை வெளியிடும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இன்று கிராம சபை கூடித் தீர்மானங்களை வாசிக்கிறது. ஜனவரி 26, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடுகிற அந்தச் சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் இடம் உண்டு, பெண்கள் உட்பட, நிலம் இல்லாதவர் உட்பட.

தமிழ் விக்கிப்பீடியாவில் குடவோலை முறைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அதன் தலைப்பில் ‘தொகு’ என்று ஒரு பொத்தான். ஆங்கிலத்தில் இருந்த சொல்லுக்கு ஈடாக, எட்டுத்தொகையில் இருக்கும் வேரையே எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை அழுத்துகிறவரிடம் நிலம் எத்தனை வேலி, என்ன ஓதத் தெரியும், வயது 35 ஆயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. அவர் தவறாக எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்துத் திருத்துவார். ஒத்துவராவிட்டால் பக்கத்திலேயே ‘உரையாடல்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது.