கொய்த மலரும் தமிழர் மரபும்

பூவைக் கொய்வது எளிது. கொய்த பூவை வாடாமற் காப்பதே கலை. அக்கலையைத் தமிழர் நெடுங்காலம் பயின்றனர் என்பதற்கு நம் மொழியே முதற்சான்று. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பருவந்தோறும் பூவுக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். வீ என்பது உதிர்ந்த பூ. செம்மல் என்பது வாடிய பூ. வாட்டத்திற்கும் பெயர் வைத்த மக்கள், எப்பருவத்தில் பறித்தால் எத்துணைப் பொழுது நிற்கும் என்பதை அறியாதிருப்பரோ?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். தலைவியும் தோழியும் பறித்த மலர்களைக் குவித்த இடம் மழைநீர் கழுவிய அகன்ற பாறை. முகர்ந்தாலே குழையும் அனிச்சத்தை விருந்தினர் உள்ளத்தோடு ஒப்பிட்டவர் வள்ளுவர். பின்னாளில் பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்து மாலைத் தொண்டு புரிந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகள் இறைவனுக்குச் சாத்தும் மாலையைத் ‘திருப்பள்ளித்தாமம்’ என்கின்றன. நந்தவனத்திற்கு நிலம் விட்ட செய்திகளும் அவற்றில் உண்டு.

இம்மரபின் நுட்பம் இல்லங்களில் வாழ்ந்தது. மல்லிகைக்கு நீரில் நிறுத்தத் தக்க நீண்ட காம்பு இல்லை. ஆகவே, பூவை நீரில் வையாமல் பூவைச் சுற்றி ஈரத்தை வைத்தனர். மாலையில் மலர வேண்டிய மொட்டை விடியலிலேயே பறித்தனர். வாழைநாரை நனைத்துக் கிழித்துத் தொடுத்தனர். தொடுத்த சரத்தை வாழையிலையிலோ ஈரத்துணியிலோ பொதிந்து நிழலில் வைத்தனர். நனைந்த நார் ஈரத்தை நெடுநேரம் தாங்கும். நீரை மிகுதியாகத் தெளித்தால் இதழ் பழுப்பேறும் என்பதும் அவர்கள் கண்ட உண்மையே. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் புகழுக்குப் பின்னே இத்தகைய கைப்பழக்கமும் உண்டு.

வடபுலத்தில் வாழும் நாம் வேறொரு மரபையும் காண்கிறோம். மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கியைத் தமிழகத்தில் உதிரியாகப் பறித்து மாலை கட்டுவர். அதனையே இங்கு ரஜனீகந்தா என்று தண்டோடு விற்பர், குவளையில் நிறுத்துவர். அதற்குரிய முறை வேறு. தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்து, நாள்தோறும் நீரை மாற்றுதல் வேண்டும். நீர் கெட்டால் நுண்ணுயிர்கள் பெருகித் தண்டின் நீர்வழியை அடைத்துவிடும்.

இரு மரபுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. பழுக்கும் கனிகள் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன என்பதை 1934இல் ஆர். கேன் என்ற ஆங்கில அறிஞர் மெய்ப்பித்தார். அவ்வாயு பல மலர்களை விரைந்து வாடச் செய்யும். பூசைக்கு வாங்கிய பூவையும் வாழைப்பழத்தையும் ஒரே தட்டில் இரவு முழுவதும் வைத்தல் ஆகாது. குளிர்ப்பெட்டியிலும் பூவை மூடிய டப்பாவில், பழங்களினின்று பிரித்தே வைத்தல் நலம்.

நம் இல்லங்களில் இன்று நாரின் இடத்தை நூல் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளோ எல்லாப் பருவத்திற்கும் பூ என்ற ஒரு சொல்லையே அறிவர். சொல் மறைந்தால் அச்சொல் காத்த அறிவும் மறையும். வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு முழம் பூவைப் பிள்ளைகளோடு அமர்ந்து தொடுப்போம். மொட்டு எது, முகை எது, செம்மல் எது என்று காட்டுவோம். மண்ணை விட்டு வந்த நாம் இம்மரபை வாடாமற் காக்க அதுவே வழி.