பாத்திரப் பண்பும் குறிப்பறிதலும்: கொழும்புத் தமிழ் வகுப்பறையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கதையொன்றைக் கற்ற மாணவனிடம் தமிழ்ப் பாடத்திற் கேட்கப்படும் வினாக்களுள் மிகப் பழகிப்போனது, இன்ன பாத்திரத்தின் பண்புகள் யாவை என்பதாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வேளைகளில் நிறைந்து வழியும் தனியார் கல்வி நிலையங்களில், இவ்வினாவுக்குரிய விடை பெரும்பாலும் கதையைப் படிக்குமுன்னரே மாணவன் கைக்கு வந்துவிடுகின்றது. கம்பராமாயணத்துக் குகனா? தூய அன்பு, பணிவு, வீரம், தன்னலமின்மை. நான்கு பெயர்ச்சொற்கள், அவற்றுக்கு நான்கு புள்ளிகள். குகன் என்ன செய்தான், எதைக் கண்டு செய்தான் என்பன பின்னரே வருகின்றன. சில வேளைகளில் வராமலே போய்விடுகின்றன. பாத்திரம் என்ற சொல்லுக்குக் கொள்கலம் என்றொரு பொருளுமுண்டு. நமது வகுப்பறைகள் அப்பொருளையே மெய்யாகக் கொண்டுவிட்டனவோ என ஐயுறவேண்டியுள்ளது.

இவ்வழக்கத்துக்கான பழி முழுவதையும் தனியார் வகுப்பு ஆசிரியர்மீது சுமத்துவது எளிது. ஆனால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. கதைமாந்தரை அறியும் முறையொன்று தமிழில் மிகப் பழங்காலத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. அது வகுப்பறைக்குள் வராமற் போனமைக்குக் காரணங்கள் பல. அவற்றை ஓரளவு ஒழுங்குபடுத்திக் காண்பதே இங்கு எமது நோக்கம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்தில் நிகழ்வது உடம்பின் வழியாகப் புறத்தார்க்குப் புலனாகும் வகையைக் கூறுவது. மெய்ப்பாடுகள் எட்டு என்பதை மாணவர் மனனஞ் செய்துள்ளனர். ஆனால் அவ்வியலின் நுட்பம் அவ்வெண்ணில் இல்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நந்நான்கு நிலைக்களங்கள் கூறப்படுகின்றன. அழுகையை எடுத்துக்கொள்வோம். இழிவுபடுத்தப்பட்டவனும் அழுகிறான், இழந்தவனும் அழுகிறான், தன் பழைய நிலை கெட்டவனும் அழுகிறான், வறியவனும் அழுகிறான். கண்ணீர் ஒன்றே, களம் வேறு. ஆதலால் ஒருவன் அழுகிறான் என்று கண்டமாத்திரத்தில் அவனை அறிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. எந்நிலையில் நின்று அழுகிறான் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். வறுமையை ஒரு தனி நிலைக்களமாகக் கொண்டமை சமூகவியல் நோக்கிலும் கவனத்திற்குரியது. பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். அச்சான நூல் பாடசாலைக்குள் எவ்வளவு சென்றது என்பதை அதே ஆர்வத்தோடு நாம் கேட்டதில்லை.

திருக்குறளிலே குறிப்பறிதல் என்னும் பெயருடன் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. எழுபத்தோராவது பொருட்பாலிலும் நூற்றுப்பத்தாவது காமத்துப்பாலிலும் அமைந்துள்ளன. அரசவையில் நிற்கும் அமைச்சனுக்கும் காதலிலே கலங்கும் இளைஞனுக்கும் ஒரே திறன் வேண்டப்படுகிறது. பிறர் வாய்திறவாதபோது அவர் முகத்தையும் கண்ணையும் படிக்கும் திறன் அது. மாணவர் இவ்வதிகாரக் குறள்களைச் சொற்பிசகாமல் ஒப்புவிக்கின்றனர். ஆனால் கதையொன்றில் ஒருத்தி ஏன் தலைகுனிந்தாள் என்று கேட்டால் உரைநூலைத் தேடுகின்றனர்.

இனி, அச்சுக்கால வாசிப்பு நூல்களுக்கு வருவோம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் லண்டனில் அச்சிடப்பட்டது. அதில் வரும் சீடர் ஐவருக்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர். எள்ளலுக்காகவே இட்ட பெயர்கள் இவை. அவ்வகையில் அவை பொருத்தமானவையே. எனினும் பண்பைப் பெயரிலேயே எழுதி ஒட்டிவிடும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. கதையை ஒரு வரியேனும் படிக்குமுன் தீர்ப்பு வந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கிற்று. அதற்கு எதிராகவும், அதனிடமிருந்து கற்றும், ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் எழுதிய பாலபாடங்கள் தமிழ் உரைநடையைச் செம்மைப்படுத்தியவை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வாசிக்கச் செய்தவை. அவரைக் குறைகூறுவது எமது கருத்தன்று. ஆயினும் நான்காம் பாலபாடத்தின் அமைப்பைப் பார்க்க: கொலை, களவு, பொய், அழுக்காறு, கோபம் எனக் குணங்களும் குற்றங்களும் பாடத் தலைப்புகளாக வருகின்றன. முதலிற் பண்பு, அதன்பின் அதற்குச் சான்றாக மனிதன் என்பதே வரிசை. மிஷனரிமாரின் பிரசங்கமும் இவ்வரிசையையே கொண்டிருந்தது. சமயத்தாற் பகைத்துக்கொண்ட இரு சாராரும் குழந்தை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதில் ஒத்த கருத்தினராயிருந்தனர். கதை நீதியின் ஊழியன் என்பதே அக்கருத்து.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 – 1953) பிள்ளைகளுக்காகப் பாடிய பவளக்கொடியை இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளிற் கேளாதார் சிலரே. பால் விற்கப் போகும் பெண் மனத்திலே செல்வத்தைப் பெருக்கிக்கொண்டு நடக்கிறாள். பிறர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படும்போது தான் எப்படி நடப்பாள் என்று நடித்துக் காட்டுகிறாள், குடம் விழுந்துவிடுகிறது. இறுமாப்பு என்ற சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுமுன்னரே குழந்தை சிரித்துவிடுகிறது. அச்சிரிப்பே அவளை அறிந்ததற்குச் சான்று. அழகான மெய்ப்பாடு இது. யாரும் மெய்ப்பாடு என்று சொல்லிக் கற்பிக்காததாலேயே பிழைத்துக்கொண்டது எனலாம்.

கொழும்பின் ஆங்கிலப் பாடசாலைகளில் வேறொரு வழக்கம் வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இலங்கைக்கு வந்தன. சேக்சுபியரின் நாடகமாந்தரைக் குணவிவரணஞ் செய்யும் வினா அப்பரீட்சை மரபோடு வேரூன்றியது. ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட நூல் அத்தகைய வாசிப்புக்கு உயர்ந்த வடிவம் தந்தது. நாடகமாந்தரை உயிருள்ள அயலவர்போல் நடத்தும் அம்முறையை எல். சி. நைட்ஸ் 1933இற் கடுமையாக எள்ளினார். அக்கண்டனத்தை உள்ளடக்கிய புதிய திறனாய்வு, பேராசிரியர் ஈ. எவ். சி. லுடொவைக் முதலியோர் வாயிலாக இலங்கைப் பல்கலைக்கழகத்து ஆங்கிலத் துறையிற் பரவியது. தமிழிலோ, சுவாமி விபுலாநந்தர் 1926இலேயே மதங்க சூளாமணி வாயிலாகச் சேக்சுபியரின் நாடகங்களையும் தசரூபகத்தையும் ஒருங்கு வைத்து நோக்கும் வழியைத் திறந்திருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் அவர் அமர்ந்தார். நான்கே ஆண்டுகளில், 1947இல், மறைந்தார். அவர் திறந்த வழி பாடத்திட்டமாகவில்லை. ஆங்கிலப் பரீட்சையின் வினா தமிழுக்கு வந்தது. அவ்வினாவை ஐயுற்ற திறனாய்வு அதனோடு கூட வரவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1980 முதல் அரசு பாடநூல்களையும் இலவசமாக வழங்கிற்று. இம்மாற்றங்களின் முற்போக்குத் தன்மையை எவரும் மறுக்கவியலாது. அவையின்றேல் கொட்டாஞ்சேனையின் துறைமுகத் தொழிலாளி மகளுக்குக் கம்பனும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆனால் வினாத்தாள் எல்லார்க்கும் பொதுவாயிற்றே தவிர, அவ்வினாவுக்கு வேண்டிய ஓய்வும் நூல்களும் பொதுவாகவில்லை. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் உள்ளது. கொட்டாஞ்சேனை நகரின் மறுகோடி. பத்துக் கதைநூல்களை வாங்கிப் படித்து ஒரு பாத்திரத்தைப் பற்றித் தானே கருத்துக்கொள்வதிலும் பார்க்க, ஒளிப்பிரதி எடுத்த நோட்ஸ் நான்கு பக்கம் மலிவானது. பரீட்சைக்கு அதுவே போதுமானதும்கூட. ஆகவே பண்புப் பட்டியல் என்பது சோம்பேறித்தனத்தின் விளைவு மட்டுமன்று. சமமற்ற வசதிகளோடு ஒரே போட்டியில் ஓடவேண்டியிருந்தோர் கண்டுபிடித்த குறுக்குவழி. இதனை மறந்து ஆசிரியரைத் திட்டுவோர், நூல்கள் நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு திட்டுகின்றனர்.

முற்போக்கு எழுத்தின் பக்கத்திலும் சிறிது சுயவிமர்சனம் வேண்டும். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியபின் ஒடுக்கப்பட்ட மக்கள் தமிழ்க் கதைகளில் முதன்முறையாகத் தம் முகத்தோடு நுழைந்தனர். டொமினிக் ஜீவாவின் கதைகளும், 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பின்னர் கொழும்பிலிருந்து வெளிவந்த அவரது மல்லிகையும் அவ்வரலாற்றின் பகுதி. ஆனால் அவ்வலையோடு வந்த சாதாரணக் கதைகள் பலவற்றில் முதலாளி பருத்த வயிற்றோடும் தொழிலாளி நேர்மையோடும் வந்துபோயினர். மட்டிக்கும் மடையனுக்கும் பதிலாக வேறு பெயர்கள் ஒட்டப்பட்டன. வர்க்கம் ஒரு நிலைக்களம். அதிலிருந்து ஒருவன் என்ன செய்கிறான் என்பதைக் காட்டுவதே கதை. வர்க்கத்தையே குணமாக எழுதிவிட்டால் வாசகன் அறிவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இவை யாவும் இலக்கிய ரசனை பற்றிய சில்லறைப் பிணக்குகளா? கொழும்பில் வாழ்ந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். 1958இலும் 1983 யூலையிலும் இந்நாட்டில் மனிதர் மனிதரை எவ்வாறு படித்தனர் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். நெற்றியிலிட்ட பொட்டு, பெயர், ஒரு சிங்களச் சொல்லை உச்சரிக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு தெருவிலே ஆட்கள் இனங்காணப்பட்டமை பலராற் பதிவு செய்யப்பட்டுள்ளது. 1983இல் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தன. அதுவும் குறிப்பறிதல்தான், குறியைக் கண்டதும் நிலையைக் கேளாது முடிவுகட்டும் கொடிய வகையான குறிப்பறிதல். பின்னாளில் தமிழரிடையே துரோகி என்ற ஒற்றைச் சொல் ஆற்றிய பணியையும் நேர்மையுள்ளவர்கள் இதனோடு சேர்த்தே எண்ணுவர். பண்புப் பட்டியலே இவற்றுக்குக் காரணம் என்று கூறுமளவுக்கு நாம் பேதையரல்லர். ஒட்டப்பட்ட பெயரை ஐயுறும் பழக்கத்தை அது பிள்ளைக்குத் தரவில்லை என்றே கூறுகின்றோம்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட குகனிடம் மீண்டும் வருவோம். அயோத்தியா காண்டத்திலே பரதன் பெருஞ்சேனையோடு கங்கைக்கரைக்கு வருகிறான். அக்கரையில் நிற்கும் குகன் சேனையைக் காண்கிறான், இராமன்மேற் படையெடுத்து வருகிறான் என முடிவுகட்டுகிறான், சினக்கிறான், தன் மக்களைத் திரட்டுகிறான். சேனை என்னும் குறிக்கு அவன் கொண்ட பொருள் நியாயமானதே. பின்னர் பரதனையே பார்க்கிறான். மரவுரி, புழுதி படிந்த உடல், ஒளியிழந்த முகம். கையிலிருந்த வில் நழுவி விழுகிறது. இவன் என் தலைவனையே ஒத்திருக்கிறான், தவவேடம் பூண்டிருக்கிறான், இவன் துயருக்கு எல்லையில்லை, இராமன் சென்ற திசையை நோக்கித் தொழுகிறான் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறான். தன் முதல் தீர்ப்பைத் தானே தள்ளிவிடுகிறான். அதன்பின்னும் அவன் நிறுத்தவில்லை; நெருங்கிச் சென்று வந்த காரணத்தைக் கேட்டே தெளிகிறான். முடிவின் ஒரு பகுதியை இராமனோடு உடன்பிறந்தவன் என்ற பிறப்பின் மேலும் ஏற்றிவிடுகிறான் என்பது உண்மை. அக்காலத்து மனிதன் அவன், கம்பனும் அவ்வாறே. எனினும், பரீட்சைத்தாளில் நான்கு பெயர்ச்சொற்களாகச் சுருங்கிவிட்ட இவ்வேடன், தமிழ்க் காப்பியத்திலே பிறர் பண்பைச் சான்றுகொண்டு அறியும் முறையை முழுமையாகச் செய்துகாட்டியவன். பிள்ளைகளுக்கு அம்முறையைக் கற்பிக்க வேறு பாடநூல் தேடவேண்டியதில்லை. சேனையைக் காணும் இடத்திற் கதையை நிறுத்தி, பரதன் எத்தகையவன் என்று கேட்கலாம். முகத்தைக் காணும் இடத்தில் நிறுத்தி மீண்டும் அதே வினாவைக் கேட்கலாம். முதல் விடையை மாற்றிய பிள்ளையிடம் எது உன்னை மாற்றியது என்று வினவலாம். இம்முறைக்குச் செலவில்லை. நேரம் மட்டும் வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாதது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்வி நிலையமொன்று நடத்திய மாதிரிப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்தும் பணி எமக்கு வாய்த்தது. குகனின் பண்புகளை விளக்குக என்பது வினா. நூற்றுக்கு மேற்பட்ட தாள்களில் அன்பும் பணிவும் வீரமும் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தன. ஒரு தாளில் மட்டும், ‘குகன் முதலிற் படையைப் பார்த்துப் பிழையாக நினைத்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பிழையென்று தெரிந்ததும் வெட்கப்படாமல் மாறினான்’ என்று மூன்று வாக்கியங்கள் இருந்தன. விடைத்திட்டத்திலுள்ள நான்கு சொற்களுள் ஒன்றும் அங்கில்லை. இரு தடவை வாசித்தோம். பின்னர், விடைத்திட்டத்தின்படி, நான்குக்கு ஒரு புள்ளி இட்டு அடுத்த தாளை எடுத்தோம்.