மூக்கடைப்புக்கு ஒரு கையெழுத்து

போர்ட்லாண்டுக்கும் வான்கூவருக்கும் நடுவே கொலம்பியா ஆறு ஓடுகிறது. கனடாவில் இருக்கும் வான்கூவர் அல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் ஊர். ஆற்றின் தென்கரை ஒரிகன் மாநிலம். அங்கே விற்பனை வரி கிடையாது. அதனால் வடகரைக்காரர்கள் டி.வி., சோபா, துணிமணி வாங்கப் பாலம் தாண்டித் தென்கரைக்குப் போவது வழக்கம். 2006 ஜூலைக்குப் பிறகு ஒரே ஒரு பொருளுக்காக ஆட்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். அது சூடஃபெட், மூக்கடைப்பு மாத்திரை. அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாக ஒரிகன் அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. எங்கள் கரையில் அடையாள அட்டையும் கையெழுத்தும் போதும். திருச்சியில் வளர்ந்து, பி.ஃபார்ம். முடித்து, கல்யாணமாகி அங்கே போன நான் அந்த வடகரையில் பல வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தேன். அந்தக் கையெழுத்தை வாங்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

வாங்க வருகிறவரிடம் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்போம். பெயர், முகவரி, என்ன மருந்து, எத்தனை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று பதிவாகும். கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவை இரண்டு வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பது மத்திய சட்டம். ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் ஒருவருக்கு விற்கக்கூடாது. முப்பது நாளில் அவர் வாங்கும் மொத்தம் 9 கிராமைத் தாண்டக்கூடாது. 30 மில்லிகிராம் மாத்திரையாக, அதில் உப்பாகச் சேர்ந்திருக்கும் எடையைக் கழித்துக் கணக்குப் போட்டால், மாதத்துக்கு 366 வரும். பெரியவர் ஒருவர் முழு அளவில் சாப்பிட்டால் நாளைக்கு எட்டு மாத்திரை. அவருக்கு இந்த வரம்பு தாராளம். புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பிள்ளை மூவருக்கும் ஒவ்வாமை இருந்து, வாங்கி வருபவர் ஒருவர்தான் என்றால் போதாது. இண்டியானாவில் ஒரு பாட்டி 2009-ல் தன் வீட்டாருக்காக ஒரே வாரத்துக்குள் இரண்டு பெட்டி வாங்கினார். இரண்டும் வேறு வேறு கடை. அந்த மாநிலத்தின் வார வரம்பு 3 கிராம். அது தாண்டிவிட்டதால் அவரைக் கைது செய்தார்கள்.

ஒரு சாதாரண சளி மாத்திரைக்கு ஏன் இந்தக் காவல்?

அந்தக் கதை ஜப்பானில் தொடங்குகிறது. பெர்லினில் வேதியியல் கற்றுத் திரும்பிய நாகாய் நாகயோஷி, மா ஹுவாங் என்ற சீன மருந்துச் செடியிலிருந்து 1885-ல் எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். சீன வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாக இழுப்புக்கும் காய்ச்சலுக்கும் கஷாயமாகக் கொடுத்துவந்த செடி அது. அதே நாகாய் 1893-ல் எபிட்ரினிலிருந்து மெத்தாம்பெட்டமைனைச் செய்தார். மருந்தும் போதையும் ஒரே கையில், எட்டு வருஷ இடைவெளியில் பிறந்தன. இரண்டு மூலக்கூறுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆக்சிஜன் அணு. எபிட்ரினை உலக மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் இருந்த சென் கோ-குயேயும் கார்ல் ஷ்மிட்டும். அவர்களுடைய ஆய்வு 1924-ல் வெளியானபின் ஆஸ்துமாக்காரர்களுக்கு அது வரமாக வந்து சேர்ந்தது. எபிட்ரினின் உடன்பிறப்பு சூடோஎபிட்ரின். இதயத்தை அவ்வளவாகப் படபடக்க வைக்காமல் மூக்கின் உள்வீக்கத்தை வற்றவைக்கும். சூடஃபெட்டில் இருப்பது இதுதான்.

மெத்தாம்பெட்டமைனும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் 1938-ல் பெர்விட்டின் என்ற பெயரில் கடைக்கு வந்து, போரில் சிப்பாய்களின் பையில் ஏறியது. ஜப்பானில் ஃபிலோபோன் என்ற பெயரில் விற்றது. போர் முடிந்ததும் கிடங்குகளில் மிஞ்சியது தெருவுக்கு வந்து, நாடே தள்ளாடியது. 1951-ல் ஜப்பான் தனிச்சட்டம் போட்டுத்தான் அதை அடக்க முடிந்தது.

அமெரிக்காவில் 1970-களில் மோட்டார் சைக்கிள் கும்பல்கள் வேறொரு ரசாயனத்திலிருந்து மெத்தாம்பெட்டமைனை, சுருக்கமாக மெத்தை, காய்ச்சினார்கள். 1980-ல் அந்த ரசாயனத்தை அரசு கட்டுப்படுத்தியது. காய்ச்சுபவர்கள் எபிட்ரினுக்கு மாறினார்கள். இந்த வரலாறு முழுவதிலும் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதற்கு அடுத்த சில வருஷங்கள்தான்.

போதைத் தடுப்பு நிறுவனமான டி.இ.ஏ.வில் ஜீன் ஹெய்ஸ்லிப் என்ற அதிகாரி இருந்தார். சட்டப்படி தயாராகும் மருந்துகள் திருட்டு வழிக்குப் போகாமல் தடுப்பது அவர் துறை. மெத்தகுவலோன் என்ற தூக்க மாத்திரை 80-களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்களை வாட்டியது. அவர் தெருவில் ஆட்களைத் துரத்தவில்லை. அந்தத் தூளைத் தயாரிக்கும் நாடுகளின் அரசுகளிடம் போய்ப் பேசி, ஆலையிலேயே நிறுத்தவைத்தார். சில வருஷங்களில் அந்தப் போதை ஏறக்குறைய காணாமல் போனது. அதே வழியை எபிட்ரினுக்கும் சூடோஎபிட்ரினுக்கும் கொண்டுவர 1986-ல் அவர் முயன்றார். இவற்றை மொத்தமாகத் தயாரிக்கும் ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான்; பெரும்பாலும் ஜெர்மனி, சீனா, இந்தியா. யார் எவ்வளவு செய்கிறார், யாருக்கு விற்கிறார் என்று அங்கேயே கணக்குக் கேட்டால் போதும் என்பது அவர் வாதம்.

மருந்து உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். சளி மருந்து பல கோடி டாலர் வியாபாரம். வெள்ளை மாளிகை வரை பேச்சு போனது. 1988-ல் வந்த சட்டம் தூளைக் கட்டுப்படுத்தியது. மாத்திரையாகிவிட்ட மருந்துக்கு விலக்குக் கொடுத்தது. அந்த ஒரு விலக்குக்கு அமெரிக்கா இருபது வருஷம் விலை கொடுத்தது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த விலையைக் கொடுத்தவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த கதவு திறப்பதுதான். எபிட்ரின் மாத்திரையைப் போத்தல் போத்தலாக வாங்கிக் காய்ச்சினார்கள். 1993-ல் அதை அடைத்தார்கள். சூடோஎபிட்ரினுக்கு மாறினார்கள், 1996-ல் அதற்கும் விதி வந்தது. ஆனால் அட்டையில் ஒவ்வொன்றாகப் பொதிந்த மாத்திரைக்கு மீண்டும் விலக்கு. ஆயிரக்கணக்கான மாத்திரையை யார் உட்கார்ந்து பிதுக்குவார்கள் என்று நினைத்தார்கள். ஆள் வைத்துப் பிதுக்கினார்கள். காய்ச்சும் வீடுகளின் குப்பையில் காலி அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. இன்னொரு பக்கம் மெக்ஸிகோ கும்பல்கள் தூளையே டன் கணக்கில் வரவழைத்தார்கள். 1994-ல் டாலஸ் விமான நிலையத்தில் மெக்ஸிகோவுக்குப் போகவிருந்த 3 டன்னுக்கும் மேற்பட்ட எபிட்ரின் பிடிபட்ட பிறகுதான் அந்த அளவு வெளியே தெரிந்தது.

2004-ல் மட்டும் நாடு முழுவதும் காய்ச்சும் இடங்களும், அவற்றின் கழிவும், தளவாடமுமாக 23,000-க்கு மேல் பிடிபட்டன. பலவும் குழந்தைகள் இருந்த வீடுகள். சமையலறையில் வெடித்துத் தீப்பிடிக்கும். சுவரிலும் கம்பளத்திலும் நச்சு ஏறிவிடும். வீட்டையே ஆளில்லாமல் பூட்டி வைப்பார்கள். ஒக்லஹோமாவில் 2003 டிசம்பர் 26 அன்று நிக் கிரீன் என்ற நெடுஞ்சாலைக் காவலரை மெத் காய்ச்சும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்த மாநிலத்தில் மெத் தொடர்பாகக் காவலர்கள் இறப்பது அது முதல் தடவை அல்ல. 2004 ஏப்ரலில் ஒக்லஹோமா சட்டம் போட்டது: மாத்திரை இனி மருந்தாளுநரின் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும், அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இறந்த மூன்று காவலர்களின் பெயரை அந்தச் சட்டத்துக்கு வைத்தார்கள். அங்கே காய்ச்சுவது சில மாதங்களில் மளமளவென்று குறைந்தது. மற்ற மாநிலங்கள் பின்பற்றின. 2006 மார்ச்சில் அது மத்திய சட்டமானது. செப்டம்பர் 30-லிருந்து நாட்டின் எல்லா மருந்துக்கடைகளிலும் சூடோஎபிட்ரின் அலமாரியிலிருந்து இறங்கி, கவுண்டருக்குப் பின்னால் போனது.

அந்தச் சட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். வெடிக்கும் சமையலறைகள் குறைந்தன. தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் குறைந்தார்கள். அது ஒன்றுக்காகவே ஆயிரம் கையெழுத்து வாங்கலாம்.

கவுண்டரில் அது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடை நள்ளிரவு வரை திறந்திருக்கும், மருந்துப் பிரிவு ஒன்பது மணிக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு மூச்சுவிட முடியாமல் வருகிறவருக்குக் கிடைப்பது அலமாரியில் இருக்கும் மாற்று மாத்திரைதான். உரிமம் காலாவதியான கிழவருக்கு மருந்து கிடையாது. பழத்தோட்டத்தில் வேலை செய்யும் மெக்ஸிகோக்காரருக்குச் செல்லும்படியான அட்டை இல்லாவிட்டால் அவருக்கும் கிடையாது. பல் கொட்டிப்போன, கன்னம் ஒட்டிய இளைஞன் வந்து நின்றால் சந்தேகம் அவன் முகத்திலேயே விழும். அவனுக்கும் நிஜமாகவே ஜலதோஷம் பிடித்திருக்கலாம். நல்ல சட்டை போட்டவர் ஏழு கடை ஏறி இறங்கி ஏழு பெட்டி வாங்கிக்கொண்டு போவார். காகிதப் பதிவேடு இருந்த காலத்தில் ஒரு கடைக்கு இன்னொரு கடையின் கணக்குத் தெரியாது. இப்படிக் கடை கடையாகப் போய் வாங்குபவர்களை ஸ்மர்ஃப் என்பார்கள். வீடில்லாதவர்களுக்கு இருபது முப்பது டாலர் கொடுத்து வரிசையில் நிற்க வைப்பதும் நடந்தது. பிறகு மாநிலங்களை இணைக்கும் கணினிப் பதிவு வந்து, வரம்பு தாண்டினால் திரையிலேயே தடுத்தது. படித்து வந்தது மருந்து கொடுக்க; செய்தது பாதி நேரம் காவல் வேலை. என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஒரிகனின் கடுமையான விதிக்குப் பலன் இருந்ததா? 2004-ல் நூற்றுக்கணக்கில் இருந்த காய்ச்சும் இடங்கள் அங்கே அரிதாகிவிட்டன. டாக்டர் சீட்டுக் கேட்காத பக்கத்து மாநிலங்களிலும் அதே காலத்தில் பெரிய சரிவு இருந்தது. ஆகவே சீட்டினால் மட்டும் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மிஸிஸிப்பி 2010-ல் ஒரிகனைப் பின்பற்றியது. 2022 ஜனவரி 1 அன்று இரண்டு மாநிலங்களும் சீட்டைக் கைவிட்டன.

மெத் குறைந்ததா என்றால், இல்லை. காய்ச்சும் இடம் மாறியது. மெக்ஸிகோவில் பெரிய ஆலைகள் எழுந்தன. 2007 மார்ச்சில் மெக்ஸிகோ நகரத்தில் ஜென்லி யே கோன் என்ற மருந்து இறக்குமதியாளரின் மாளிகையில் போலீஸ் நுழைந்தபோது 20 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் அடுக்கியிருந்தது. சூடோஎபிட்ரின் இறக்குமதியில் வந்த பணம் என்பது குற்றச்சாட்டு, அவர் மறுத்தார். அடுத்த வருஷம் மெக்ஸிகோ அந்த மருந்தையே தடை செய்தது. கும்பல்கள் மோட்டார் சைக்கிள்காரர்களின் பழைய ரசாயன வழிக்குத் திரும்பி, அதை ஆலை அளவில் வளர்த்தார்கள். சரக்கு முன்பைவிட மலிவாக, முன்பைவிடச் சுத்தமாக வந்தது. 2021-ல் அமெரிக்காவில் மெத் வகை ஊக்கிகள் சம்பந்தப்பட்ட மரணங்கள் 32,000-க்கு மேல். அதைச் செய்ய ஒரு சளி மாத்திரைகூடத் தேவைப்படவில்லை.

அலமாரியில் சூடோஎபிட்ரினின் இடத்துக்கு வந்தது ஃபினைலெஃப்ரின். 1976-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு மூன்று மூக்கடைப்பு மருந்துகளை ஏற்றிருந்தது. ஒன்று மூளையில் ரத்தக்கசிவு உண்டாக்குகிறது என்று 2000-ல் விலக்கப்பட்டது, இன்னொன்று கவுண்டருக்குப் பின்னால் போனது, மிச்சம் இது. மூக்கில் சொட்டினால் வேலை செய்யும். விழுங்கினால் குடலும் ஈரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், மூக்குக்குப் போய்ச் சேராது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஹெண்டலஸும் ராண்டி ஹாட்டனும் 2006 முதலே இதைச் சொல்லிவந்தார்கள்; 2007-லும் 2015-லும் மனுக் கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில்தான் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 16-க்கு 0 என்ற வாக்கில் இந்த மாத்திரையால் பயன் இல்லை என்றது. 2024 நவம்பரில் அதை நீக்கலாம் என்ற முன்மொழிவு வந்தது. இடையில் போன பதினேழு வருஷம் மக்கள் காசு கொடுத்து வாங்கியது பலனில்லாத மாத்திரை. ஆலையில் கேட்டிருக்க வேண்டிய கணக்கை ஆலையில் கேட்காமல், மூக்கடைத்து வந்தவரிடம் கேட்டதன் முடிவு இது. 2011-ல் சூடோஎபிட்ரினுக்கு டாக்டர் சீட்டுக் கட்டாயமாக்கிய நியூசிலாந்து 2024-ல் அந்த விதியைத் தளர்த்தி, மருந்தாளுநரே கொடுக்கலாம் என்றது. அங்கேயும் மெத் ஒழியவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சூடோஎபிட்ரினை மொத்தமாகத் தயாரிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2024 பிப்ரவரியில் டில்லியில் 50 கிலோ பிடிபட்டது. சத்துமாவுக்கும் தேங்காய்ப் பொடிக்கும் நடுவே வைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பவிருந்தார்கள் என்றார்கள் அதிகாரிகள். விசாரணை தமிழ்நாட்டுக்கும் நீண்டது. ஐம்பது கிலோவை யாரும் மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாக வாங்கிச் சேர்க்கவில்லை. ஹெய்ஸ்லிப் 1986-ல் கேட்ட கேள்வியைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும்: எந்த ஆலையிலிருந்து, யார் கணக்கில் வெளியே போனது?

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் ஜலதோஷ மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் பலவற்றிலும் ஃபினைலெஃப்ரின்தான் இருக்கிறது. காய்ச்சலுக்கும் தும்மலுக்கும் அதோடு சேர்ந்திருக்கும் மற்ற மருந்துகள் உதவும். மூக்கடைப்பு திறக்கும் என்று மட்டும் அதை நம்பி வாங்காதீர்கள். உப்புநீர்ச் சொட்டு மருந்து மலிவு, குழந்தைக்கும் போடலாம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் எந்த மூக்கடைப்பு மாத்திரைக்கும் முன்னால் மருந்தாளுநரிடமோ டாக்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.