யானைக்காலுக்கு ஆய்வு, அரிவாளுக்கு ரெய்டு

1980களின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இரவு நேரத்தில் கதவைத் தட்டி, விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் போனார்கள். யானைக்கால் நோயின் நுண்புழு இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். இப்போதும் கதவுகள் தட்டப்படுகின்றன, விடியற்காலையில். மறுநாள் பேப்பரில் ‘ரவுடிகள் வீடுகளில் போலீசார் அதிரடி சோதனை’ என்று வரும். நெல்லித்தோப்பு போல வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதிக்காரர்களுக்கு இந்த இரண்டு தட்டலுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். முதலாவது தெரிந்துகொள்ள வந்தது. இரண்டாவது, எல்லாம் தெரியும் என்று வருகிறது.

இரத்தம் எடுக்க வந்தவர்களுக்குப் பின்னால் பணம் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1975இல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில், 1981 முதல் 1985 வரை நகரத்தையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டது. வாய்க்கால் அடைப்பை நீக்கினார்கள், தேங்கிய பள்ளங்களைத் தூர்த்தார்கள், கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன் விட்டார்கள். இதெல்லாம் எந்த நகராட்சியும் செய்யக்கூடியதுதான். பெரிய விஷயம், தொடங்கும் முன்பே அளந்து வைத்துக்கொண்டதும், முடிந்த பிறகும் ஆண்டுகள் கழித்து அதே தெருக்களில் மறுபடி அளந்ததும்தான். அந்தக் கணக்கை வைத்துத்தான் பின்னாளில் ராட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து யானைக்கால் பரவலைக் கணிக்கும் கணினி மாதிரியை உருவாக்கினார்கள். நம் ஊர் சாக்கடை உலகத்துக்குப் பாடம் சொன்னது என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அரிவாள் பக்கம் வருவோம். பழிக்குப் பழி வெட்டு, நாட்டு வெடிகுண்டு, பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக். இவற்றில் மாட்டும் பையன்களில் மீசை சரியாக முளைக்காதவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1982இன் குண்டர் சட்டம். புதுச்சேரியில் 2008இன் சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். ரவுடி பட்டியல், நன்னடத்தைப் பத்திரம், ரெய்டு என்று செலவும் நடக்கிறது. ஆனால் ரெய்டுக்குப் பிறகு வெட்டு குறைந்தால், அது ரெய்டாலா, இரண்டு கோஷ்டியும் உள்ளே இருப்பதாலா, தலைவன் ஊரை விட்டுப் போனதாலா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் வகையில் யாரும் கணக்கு எடுத்து வைக்கவில்லை. டெல்லியில் 1970 முதலே காவல் ஆராய்ச்சிக்கென்று ஒரு பணியகம் இருக்கிறது. அதன் அக்கறை போலீசை மேம்படுத்துவது. ஒரு பதினைந்து வயதுப் பையன் ஏன் கத்தியை எடுக்காமல் இருந்தான் என்பதை ஆராய்வது வேறு வேலை.

அந்த வேலையைச் செய்த ஊர் சிகாகோ. 2009–10இல் 18 அரசுப் பள்ளிகளில் 2,740 பையன்களை ஆய்வில் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வாராவாரம் கூட்டி உட்கார வைத்து, கோபம் வரும் நேரத்தில் ஒரு கணம் நிதானிக்கப் பழக்கினார்கள். ஒரு விளையாட்டு: ஒருவன் கையில் பந்து, அதை வாங்க இன்னொருவனுக்கு 30 விநாடி. உருண்டு புரண்டு பிடுங்கப் பார்ப்பார்கள். முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: “கொடுடா என்று ஏன் ஒருத்தனும் கேட்கவில்லை?” நம்மூரில் ‘முறைச்சுப் பார்த்தான்’ என்பதற்காக விழும் வெட்டை நினைத்துக்கொண்டால் இந்தப் பந்தின் அருமை தெரியும்.

யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அதனால் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட முடிந்தது. இதையும் பின்னர் நடந்த இன்னொரு சுற்றையும் சேர்த்துப் பார்த்ததில், பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. பயிற்சி முடிந்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை; அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எனக்கு முதல் செய்தியைவிட இரண்டாவதுதான் முக்கியம். தோற்ற இடத்தையும் தெரிந்துகொள்ளக் காசு கொடுத்திருக்கிறார்களே. அமெரிக்காவும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. 1996இல் நாடாளுமன்றம் போட்ட ஒரு நிபந்தனையால் துப்பாக்கிச் சாவுகள் பற்றிய ஆய்வுக்கு மத்திய அரசுப் பணம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய வறண்டே கிடந்தது. 2019 கடைசியில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

யானைக்கால் ஆய்வை அப்படியே பெயர்த்து வன்முறைக்கு வைத்துவிடவும் முடியாது. கொசுவுக்குப் பெயர் கெடாது. ‘இந்தத் தெருப் பையன்கள் ஆபத்தானவர்கள்’ என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினால், நாளை வேலை கேட்டுப் போகிறவன் முகவரி சொல்லத் தயங்குவான். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று 2015இன் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. போதாததற்கு, தேர்தல் நேரத்தில் இதே பையன்களைக் கொடி பிடிக்கக் கூப்பிடுகிறவர்கள், நாளைக்கு ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் இடத்திலும் உட்காரலாம்.

ஆகவே பணம் எவ்வளவு என்பதைவிட எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் வழியாக வந்தால் ஒரு பையனும் எட்டிப் பார்க்கமாட்டான். குருசுக்குப்பத்தில் ஜிப்மர் நடத்துவது போன்ற ஒரு நகர்ப்புற சுகாதார மையத்தின் வழியாக வந்தால், அவன் வராவிட்டாலும் அவன் அம்மா வருவாள். சுகர் மாத்திரைக்கு எப்படியும் அங்கே போகிறவள்தான்.