மாரி காலமும் கண்டாவளை வயல்களும்

இலங்கையின் வடக்கே, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதிக்கு வடபுறமாக, ஆனையிறவுக் கடல்நீரேரியை அடுத்து அமைந்துள்ளது கண்டாவளை. மலையென்று சொல்லத்தக்க மேடு எதுவும் அங்கில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்; அதற்கப்பால் பனையும் பற்றைக்காடும்; அதற்கும் அப்பால் தரவையும் உவர்நீரும். இன்று யாழ்ப்பாணத்திற் காலையிற் புறப்படும் ஒருவர், வெயில் ஏறுமுன் இவ்வயல்களைக் கண்டுவிடலாம். முற்காலத்திலோ இவ்வழி இத்துணை எளிதாக இருக்கவில்லை. அதிலும் மாரி காலத்தில் வன்னி வயலுக்குச் செல்வதென்றால், அது உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் பயணமாகவே இருந்தது.

அவ்வாறு செல்லவேண்டிய தேவை ஏன் எழுந்தது? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல் நிலத்தின் கீழே தங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி இறைத்தே அங்குள்ளோர் தோட்டஞ் செய்தனர். குடிசனம் மிகுதி, நெல் விளையும் நிலமோ குறைவு. கடல்நீரேரிக்குத் தெற்கே வன்னியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. நிலம் பரந்து கிடந்தது. உழுவோர் தொகை சுருங்கியிருந்தது. 1895ஆம் ஆண்டு வெளியான தமது வன்னி நூலில், ஆங்கிலேய ஆட்சி அலுவலரான ஜே. பி. லூயிஸ் என்பார், காட்டினிடையே சிதறிக் கிடந்த சிற்றூர்களையும் அவற்றின் குளங்களையும் விரிவாகப் பதிந்து வைத்துள்ளார். ஆகவே குடாநாட்டுக் கமக்காரர் வண்டில் பூட்டித் தெற்கு நோக்கிச் செல்லலாயினர்.

இப்பயணத்தின் முழு இடர்ப்பாட்டையும் ஒரே வாக்கியத்திற் கூறிவிடலாம்: நெல்லைத் தரும் மழையே நெல்வயலுக்குச் செல்லும் வழியையும் அடைத்தது. வன்னிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலேயே வடகீழ்ப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. காலபோக வேளாண்மை அம்மழையையே நம்பியது. மழை தொடங்கிய பின்னர் புறப்பட்டால் விதைப்பு பிந்தும். வண்டிலும் சேற்றிற் புதையும். ஆதலின் ஆவணி, புரட்டாதியிலேயே போய்ச் சேர்ந்து, காய்ந்த மண்ணை உழுது, புழுதி விதைப்பாக நெல்லை எறிந்துவிட்டு, வானத்தை நோக்கிக் காத்திருத்தல் வேண்டும்.

பளை, இயக்கச்சி ஆகிய ஊர்களைக் கடந்தால் ஆனையிறவு. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் குடாநாட்டுக்குக் கடத்தப்பட்ட துறையாதலின் அப்பெயர் அமைந்தது என்பர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர் என்பதும், அவை ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றி விற்கப்பட்டன என்பதும் வரலாறு. கோடையில் நீர் வற்றி நடந்து கடக்கத்தக்கதாய் இருந்த இத்துறை, மாரியில் நீர் பெருகி நின்றது. பிரித்தானியர் காலத்தில் அதன் குறுக்கே கல்லும் மண்ணும் கொண்டு பாதை எழுப்பப்பட்டமை பெரியதோர் உதவியாயிற்று.

ஆனால் துறையைக் கடந்த பின்னும் இடர் தீரவில்லை. தெற்கே வவுனியாப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆறு, கண்டாவளையை அண்டியே கடல்நீரேரியிற் கலக்கின்றது. மேற்காடுகளிற் பெய்யும் மழை முழுவதும் ஈற்றில் இத்தாழ்நிலத்துக்கே வந்து சேரும். கார்த்திகை மாதத்தில் ஆறு கரை புரண்டால், வயலிலே காவலிருப்பவருக்கும் வீட்டிலிருப்பவருக்கும் தொடர்பு அற்றுவிடும். இரவிலே காட்டுப்பன்றியும் யானையும் வரும். காவற்கொட்டிலிலே தீ வளர்த்து, கூவி ஒலி எழுப்பி, விடியும்வரை விழித்திருத்தல் வேண்டும். இவை யாவற்றிலும் கொடியது குளிர்காய்ச்சல். யானையைத் தீப்பந்தங் காட்டி விரட்டலாம். நுளம்பை விரட்ட அக்காலத்தார்க்கு வழி தெரியவில்லை. தையிலே நெல்லோடு திரும்பவேண்டியவர், பாயிற் சுருண்டு வண்டிலிலே கொண்டுவரப்படுதலும் நிகழ்ந்தது.

நெல்லுக்காக மனிதன் மேற்கொண்ட அருமுயற்சிகளைப் பேசும்போது, மலைப்படி வயல்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. பிலிப்பைன்சின் கோர்தியேரா மலைகளிலே இபுகாவோ மக்கள் அமைத்த படிவயல்கள் 1995இல் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. நம் நாட்டிலும், 1660இல் கண்டி அரசனாற் சிறைப்பிடிக்கப்பட்டு 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், மலைச்சரிவுகளிற் படிபடியாக அமைந்த வயல்களில் நீர் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும் முறையை 1681இல் வெளிவந்த தம் நூலில் வியந்து எழுதியுள்ளார். அங்கே மலையின் சரிவே நீரைப் பகிர்ந்தளிக்கின்றது. வன்னிச் சமநிலத்திலோ அத்தகைய உதவி இல்லை. வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, நீண்ட குளக்கட்டினால் மழைநீரை மறித்தே வயலுக்கு ஊட்டல் வேண்டும். படிவயல் கண்ணைக் கவர்கின்றது; குளக்கட்டு தரையோடு தரையாய்க் கிடக்கின்றது. உழைப்பிலே ஒன்று மற்றொன்றுக்குக் குறைந்ததன்று.

இருபதாம் நூற்றாண்டு இப்பயணத்தின் முகத்தை மாற்றியது. 1905 ஆகஸ்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. அதற்கு முன்னரே, 1902இல், கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை தொடங்கப்பெற்று, 1920 அளவில் நிறைவேறியது. தொடக்கத்தில் 40,000 ஏக்கர் அடி நீரைக் கொண்ட அக்குளம், பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டு, இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்கு நீரூட்டுவதாயிற்று. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் உருவாகியது. 1940களின் நடுப்பகுதியில் வந்த டி.டி.ரி. மருந்து காய்ச்சலின் கொடுமையைத் தணித்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. பருவத்துக்கு வந்து போனவரின் வழித்தோன்றல்கள் அங்கேயே வீடு கட்டி வாழலாயினர்.

எனினும் வழி முற்றாகத் திறந்துவிடவில்லை. 1990இல் போரினால் நின்ற புகையிரதம் 2013இலேயே மீண்டும் கிளிநொச்சியை எட்டியது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்டாவளை மக்கள் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறினர். அம்முறை அவர்களை வெளியேற்றியது மழையன்று. பின்னர் மீண்டுவந்து, பற்றை மூடிய வரம்புகளைத் தேடிக் கண்டு உழுதனர். 2018 டிசம்பர் மாதத் தொடக்கத்தில், சீர்திருத்தப்பட்ட இரணைமடுக் குளம் திறந்துவைக்கப்பட்டது. அம்மாதம் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட, ஆற்றின் கீழ்ப்புறத்திலுள்ள கண்டாவளை வெள்ளத்தில் மூழ்கியது. நூறாண்டுக் கட்டுமானத்தின் பின்னும், மேட்டிற் பெய்த மழை பள்ளத்தையே தேடிச் சென்றது.

அறுவடை முடிந்து, சூடடித்து, நெல் வீடு சேர்ந்த பின்னர், பங்குனி உத்தரத்தன்று புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலிற் பொங்கல் நடைபெறுகின்றது. தூர இடங்களிலிருந்தும் அடியார்கள் அங்கு வந்து கூடுகின்றனர். மாரியில் அடைபட்டுக் கிடந்த தரவை வழி அப்போது காய்ந்து கிடக்கும். அவ்வழியே வருபவர் சுமந்துவரும் பொங்கற்பானையிலே, அம்மழை தந்த புத்தரிசியும் இருக்கும்.