பெருந்தொற்றுக் காலத்தில் இடர் மனப்பாங்கும் தற்காப்பும்: தாம்பரம்–பெருங்களத்தூர் வட்டாரம்

இடர் மனப்பாங்கு என்பது ஓர் ஆபத்தை ஒருவர் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார், அதைத் தவிர்க்க எதை இழக்கத் துணிகிறார் என்பதைக் குறிக்கும். முகக்கவசம் அணிவது, கூட்டத்தை விட்டு விலகுவது, பரிசோதனைக்குப் போவது, தடுப்பூசி போட்டுக்கொள்வது எல்லாமே பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கணக்கைச் சார்ந்தே நடக்கின்றன. 2020 முதல் 2022 வரையிலான கோவிட் காலத்தில் சென்னையின் தென்புறநகரில் நடந்தவை இதற்குத் தக்க சான்று. ஜி.எஸ்.டி. சாலையும் மின்ரயில் தடமும் அருகருகே ஓடும் இந்த வட்டாரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளி, ஐ.டி. ஊழியர், கொத்தனார், ஓய்வூதியர் எல்லோரும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். பெருங்களத்தூர் அப்போது பேரூராட்சி. தாம்பரம் மாநகராட்சி உருவான 2021 நவம்பரில்தான் அதில் சேர்ந்தது.

இந்த ஊருக்குத் தொற்று நோய் புதிதல்ல. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். மருத்துவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனை பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளையும், 2020-இல் கோவிட் நோயாளிகளையும் ஏற்றது. உடல்நலத்தில் இடர் மனப்பாங்கு பற்றிய ஒரு முக்கிய ஆய்வும் காசநோயிலிருந்துதான் கிளம்பியது. 1950-களில் அமெரிக்க நகரங்களில் இலவசமாக மார்பு எக்ஸ்ரே எடுத்தும் பலர் வரவில்லை. சமூக உளவியலாளர் காட்ஃப்ரே ஹாக்பாம் காரணம் தேடினார். தனக்கும் நோய் வரக்கூடும், முன்கூட்டியே கண்டுபிடித்தால் பயன் உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 விழுக்காட்டினர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 விழுக்காட்டினர். உடல்நல நம்பிக்கை மாதிரி என்று இன்று பாடநூல்களில் இருப்பது இங்கிருந்து வளர்ந்ததுதான். ஆபத்து எவ்வளவு அச்சுறுத்துகிறது, எவ்வளவு அறியாததாக இருக்கிறது என்ற இரண்டுமே மக்கள் மனத்தில் அதன் அளவைத் தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் எழுதினார்.

அச்சத்துக்கும் உண்மையான ஆபத்துக்கும் உள்ள இடைவெளியைச் சென்னையே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறது. காசநோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குடும்பமே கெடும் என்பது அந்நாளைய நம்பிக்கை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959 முதல் வெளியான இம்முடிவுகள் உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே மாற்றின.

கோவிட் வந்தபோது இந்த வட்டாரத்தில் முதலில் தெரிந்தது நோயச்சம் என்பதைவிட ஊர் போய்ச் சேர முடியாதோ என்ற அச்சம். 2020 மார்ச் 24 மாலை 6 மணி முதல் 144 தடையுத்தரவு என்று அறிவித்ததும் கோயம்பேடு பேருந்து நிலையத்திலும், தென் மாவட்டப் பேருந்துகளில் ஏறும் இடமாக அப்போது இருந்த பெருங்களத்தூரிலும் கூட்டம் நெரிந்தது. வேலை நின்றுபோனால் வாடகை கொடுக்க வழியில்லாதவருக்கு ஊர்தான் காப்பு. அவர் ஆபத்தை அலட்சியம் செய்யவில்லை. இரண்டு ஆபத்துகளில் அருகில் இருந்ததிலிருந்து தப்பினார். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றபோது முந்தின நாள் காய்கறிக்கு அலைமோதியதும் இதே கணக்கில்தான். கோயம்பேடு சந்தை பெரும் தொற்றுக் கொத்தாகி மே 5-இல் மூடப்பட்டது. ஜூன் 19 முதல் சென்னையிலும் செங்கல்பட்டு உள்ளிட்ட அண்டைப் பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு என்றதும் ஜி.எஸ்.டி. சாலையின் பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டின. 2021 மே 24 ஊரடங்குக்கு முன்பும் இரண்டு நாள் அவகாசம், சிறப்புப் பேருந்துகள், கடைத்தெருவில் நெரிசல். அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே விடப்படும் அவகாசமே ஊரடங்கின் மிக ஆபத்தான பகுதி என்பது முதல் முறையே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் குற்றம் மக்களின் ஒழுங்கீனத்தின் மேல்தான் விழுந்தது.

பரிசோதனையில் வேறோர் அச்சம் குறுக்கிட்டது. நோய் உறுதியானால் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்; பல இடங்களில் தெருவையோ கதவையோ மறித்துத் தகரம் அடித்தார்கள். “டெஸ்ட்டுக்குப் போனா தகரம் அடிச்சிடுவாங்க” என்பது அப்போது எங்கும் கேட்ட பேச்சு. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவர்கள் உண்டு. நோயாளியை மறைத்து வைக்கவே தூண்டும் ஏற்பாட்டை நோய்த் தடுப்பு என்பது கடினம். அச்சம் இறந்தவரையும் விடவில்லை. 2020 ஏப்ரலில் கோவிடால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. இறந்தவரிடமிருந்து ஏறக்குறைய வராத தொற்றுக்கு அவ்வளவு ஆவேசம். அதே வாரங்களில் இறைச்சிக் கடை வரிசையில் தோளோடு தோள்.

விதிக்குக் கட்டுப்படுவதும் தற்காத்துக்கொள்வதும் எப்படிப் பிரிந்தன என்பதை ரேஷன் கடை வாசலில் பார்க்க முடிந்தது. இடைவெளிக்காகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் பை, செருப்பு, கல் எல்லாம் ஒழுங்காக மூன்றடி விட்டு வரிசையில் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் பக்கத்து மரத்தடி நிழலில் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். முகக்கவசத்துக்கும் இதே கதிதான். 2020 செப்டம்பரில் முகக்கவசம் இல்லையேல் 200 ரூபாய் அபராதம் என்று வந்ததும் அது தாடைக்கு இறங்கி, போலீஸ் தலை தெரிந்தால் மூக்குக்கு ஏறியது.

காப்பு கிடைத்துவிட்டது என்ற எண்ணமே கவனத்தைத் தளர்த்தும் என்பதை இடர் ஈடுசெய்தல் என்பர். கார் பாதுகாப்பு விதிகளை வைத்துப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் இதை முன்வைத்தார். கபசுரக் குடிநீர் என்ற சித்த மருந்தைத் தெருத்தெருவாகக் கொடுத்தபோது இந்தக் கவலை எழுந்தது. தேசிய சித்த மருத்துவ நிறுவனமே தாம்பரம் சானடோரியத்தில் இருப்பதால் இங்கே அதற்கு மதிப்பும் அதிகம். ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தைரியமாக மார்க்கெட்டுக்குப் போனவர்களும், அதோடு முகக்கவசத்தையும் விடாதவர்களும் உண்டு. வாசலில் வேப்பிலை கட்டி மஞ்சள் நீர் தெளித்த வீடுகளில் கை கழுவும் பழக்கமும் கூடவே வந்தது.

தடுப்பூசி விஷயத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சி புள்ளிவிவரங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று மற்றவருக்கு முன்மாதிரியாக ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். ஒன்றிய அரசின் குழுவும் பின்னர் உறுதிப்படுத்தியது. ஆனால் தயக்கம் அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது. தெரிந்த முகத்துக்கு நேர்ந்தது உடனே நினைவுக்கு வரும். ஊசியால் பிழைத்தவருக்கு முகம் இல்லை. அடுத்த சில வாரங்களில் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போய், ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் மக்கள் வெயிலில் நெருக்கியடித்து நின்றார்கள். அம்மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்க மறுத்திருந்தது.

தயக்கத்தை அதன் போக்கிலேயே புரிந்துகொண்ட முடிவு ஒன்றும் உண்டு. 2021 செப்டம்பர் 12 முதல் மாநிலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும் தடுப்பூசி முகாம்கள் நடந்தன. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கையில் ஞாயிறன்று பலர் நழுவினார்கள். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டாமல், அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்.

ஒமிக்ரான் பரவிய 2022 ஜனவரியில் புறநகர் ரயிலில் ஏற இரண்டு தவணைச் சான்றிதழ் கேட்டார்கள். தாம்பரம், பெருங்களத்தூர் நிலையங்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கைபேசியில் சீசன் டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.