வெறுங்கால்களுக்குப் பாலே கற்பித்தவர்கள்

யாப்பிலக்கண வகுப்பில் ஒரு மாணவியாவது கேட்டுவிடுவாள்: "நாங்க எழுதுறது புதுக்கவிதை. ஆண் புலவர்கள் வகுத்த சீரும் தளையும் எங்களுக்கு எதுக்கு மேடம்?" நியாயமான கேள்வி. இதே கேள்வியை நவீன நடனப் பெண்கள் பாலேயைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசடோரா டங்கன் பாலேயை மறுத்தார். அவர் மறுத்தது அசைவுகளை மட்டுமல்ல. உடலை இறுக்கும் கச்சை, விரல் நுனியில் நிறுத்தும் காலணி, எடையே இல்லாத தேவதையாகப் பெண்ணைக் காட்டும் கற்பனை ஆகியவற்றையும் உதறிவிட்டு வெறுங்காலுடன் ஆடினார். 1926இல் தன் குழுவைத் தொடங்கிய மார்த்தா கிரகாம், மூச்சோடு உடல் சுருங்கி விரிவதிலிருந்து ஒரு நடனமொழியை உருவாக்கினார். நவீன நடனம் பெரிதும் பெண்கள் கட்டிய வீடு.

அந்த வீட்டுக்குள் பாலேயை அழைத்து வந்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். 1951இல் நியூயார்க்கின் ஜூலியார்டில் நடனத் துறையைத் தொடங்கிய மார்த்தா ஹில், நவீன நடனத்தையும் பாலேயையும் ஒரே பாடத்திட்டத்தில் வைத்தார். அதே நகரில் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பாலே பள்ளியில் மார்கரெட் கிராஸ்க் கற்பித்தார். என்ரிகோ செக்கெட்டியிடம் பயின்ற ஆங்கிலேயர் அவர். மெஹர் பாபாவின் சீடராக இந்தியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். மெர்ஸ் கன்னிங்ஹாம் குழுவின் கரோலின் பிரவுன் போன்ற நவீன நடனக் கலைஞர்களும் அவரிடம் பயின்றார்கள்.

வெறுங்கால் நடனக்காரிக்குப் பாலே என்ன தரும்? கால்களை வெளிப்புறம் திருப்புவதையே எடுத்துக்கொள்வோம். பாதத்தை மட்டும் திருகினால் முழங்கால் கெடும். இடுப்பு மூட்டுக்குள் தொடை எலும்பு சுழல வேண்டும். அரைமண்டியில் ஆடிப் பழகிய நம் பெண்களுக்கு இது புரியும். அரைமண்டியில் தங்கி ஆடுகிறோம். பாலேயில் முழங்காலை மடக்குவது தாவலின் தொடக்கமும் முடிவும். இதைச் சரியாகக் கற்றவளால் சட்டென்று திசைமாற முடியும், ஒற்றைக்காலில் நிலைக்க முடியும், தாவிவிட்டு ஓசையின்றி இறங்க முடியும். கரோலின் பிரவுன் அந்தக் கால்களோடு 1953 முதல் 1972 வரை கன்னிங்ஹாம் குழுவில் ஆடினார். கதையோ தேவதையோ அந்த நடனங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் பாலே வகுப்புக்குள் நுட்பம் மட்டும் தனியே வருவதில்லை. மெலிந்த உடலே அழகு என்ற தீர்ப்பும், நாள் முழுக்கக் குறை சொல்லும் கண்ணாடியும் கூடவே வரும். நுட்பத்தை அந்தத் தீர்ப்பிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான் நவீன நடனக்காரிகளுக்குப் பாலே சொல்லித்தருபவரின் கடினமான வேலை. "உன் உடல் தவறு" என்பதற்கும் "உன் எடை குதிகாலில் விழுகிறது" என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முதல் வாக்கியம் அவளைக் குறுக்கும். இரண்டாவதை வைத்து அவள் தன்னைத் திருத்திக்கொள்ளலாம்.

நடன வரலாறு படைப்பாளிகளின் பெயர்களால் எழுதப்படுகிறது. கன்னிங்ஹாமை அறிந்தவர்களில் கிராஸ்கை அறிந்தவர்கள் குறைவு. தினமும் காலையில் கால்களைத் திருத்தியவர்களின் உழைப்பு, வீட்டுவேலையைப் போலவே, முடிந்ததும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் மாணவிக்கு நான் சொல்வது இதுதான்: வெண்பாவின் தளை எங்கே தட்டுகிறது என்று காது பழகட்டும். வெண்பா எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம். உன் வரியை எங்கே உடைப்பது என்று தீர்மானிக்க அந்தக் காது உதவும்.